கொசுவுக்குப் பாடச் சொன்னவன்

எனக்குத் தெரிந்த சங்கீதம், விடியலில் ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணி ஒன்றுதான். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் லூனாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தேன். சயாம் ரயில்பாதை வேலைக்குப் பன்னிரண்டு ஆள் கேட்டார்கள். கேட்க நாதியில்லாதவர்களாகப் பார்த்துப் பதினொரு பெயர் எழுதிவிட்டேன்.

அன்று காலை பினாங்கிலிருந்து தப்பி வந்த ஒல்லி மனிதர் ஒருவர் ஆபீசில் வேலை கேட்டு நின்றார். பெயரைக் கேட்டுப் பன்னிரண்டாவதாக எழுதினேன்.

“கிராணி ஐயா, நான் பாடறவன். என் ரிக்கார்டு கேட்டிருப்பீங்களே?”

“கேட்டதில்லையே. சயாம்ல கொசு நிறைய இருக்காம், அதுங்களுக்குப் பாடும்!” என்று சொல்லி நானே சிரித்துக்கொண்டேன்.

லாரி போன மறுவாரம் காப்பிக்கடை கிராமபோனில் ஒரு பாட்டு. யார் பாடுவது என்று கேட்டேன். கடைக்காரர் சொன்னது நான் எழுதிய அதே பெயர்.

விஷயம் பரவியதும் தோட்டமே காறித் துப்பியது. “அடப்பாவி, அவரையா அனுப்பின?”

பன்னிரண்டு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. இந்த நக்கல் வாயை இன்றும் அறையலாம் போலிருக்கிறது. அதைவிடப் பெரிய கோபம் ஒன்றுண்டு. அந்தப் பதினொரு பேருக்காக யாரும் என்னைத் திட்டவில்லை. எனக்கே உறைக்க ஒரு பாட்டு தேவைப்பட்டது.