கட்டம் போட்ட சட்டை

எங்கள் பக்கத்தில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு சீருடை உண்டு. யாரும் உத்தரவு போட்டு வந்ததல்ல. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, அதுவும் முழுக்கை. மணிக்கட்டில் பித்தானைப் பூட்டி, தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் முடிந்தது. விடிந்ததும் கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறவர்களும் அப்படித்தான், எங்கள் தோட்டத்துத் திராட்சைப் பந்தலுக்குள் நுழைகிற நாங்களும் அப்படித்தான். அவரவர் வீட்டு ஆம்பளை போட்டுக் கழித்த சட்டையாக இருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். பந்தலுக்கு அடியில் நாள் முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு கொத்து வெட்டச் சொன்னால் அந்தச் சிரிப்பு மத்தியானத்துக்குள் அடங்கிவிடும்.

வெயிலுக்கும் பூச்சி மருந்துக்கும்தான் சட்டை என்று எல்லாரும் சொல்வோம். எனக்கு அதில் பிடித்தது பை. எத்தனை விலை கொடுத்துச் சேலை எடுத்தாலும் அதில் ஒரு பை கிடையாது. சட்டைப் பையில் என் செல்போன் இருக்கும், கொடி கட்டுகிற சணல் இருக்கும், சுகர் மாத்திரை இருக்கும். பை வைத்த ஒன்றைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது எனக்கு ஒரு தெம்பு வரும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கிறுக்கச்சி என்பார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்குச் சட்டை எடுப்பது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கம்பத்துக்கோ தேனிக்கோ போவோம். கடைக்குள் அவர் தூண் மாதிரி நிற்பார். நான் ஒவ்வொன்றாக அவர் நெஞ்சில் வைத்துப் பார்ப்பேன். கடைக்காரர்கள், 'புருசனுக்கு எவ்வளவு பார்த்துப் பார்த்து எடுக்குறாக' என்று மெச்சுவார்கள். உள்ளதைச் சொன்னால், நான் பார்த்தது எனக்கு. அந்தச் சட்டை இரண்டு வருசம் அவர் உடம்பில் கிடக்கும், அப்புறம் மூன்று வருசம் என் உடம்பில் கிடக்கும். அதிக நாள் போடுகிறவள் தேர்ந்தெடுப்பதில் என்ன தப்பு?

அதனால் கெட்டித் துணி, முழுக்கை, அடர்ந்த நிறம், கட்டம். கட்டம் கட்டாயம். திராட்சைக் கறை வெளுத்தாலும் போகாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து அடித்த கொடிக்குக் கீழே போனால் தோளில் நீலத் திட்டு விழும். ஒற்றை நிறச் சட்டையில் அது பளிச்சென்று தெரியும், கட்டம் போட்டதில் இன்னொரு கட்டமாகப் போய்விடும். இப்படிக் காப்பிப்பொடி நிறத்தில், கருநீலத்தில், பாட்டில் பச்சையில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் கட்டங்களாகக் காய்ந்தன. தோட்டத்துப் பெண்கள் என் முதுகைப் பார்த்தே, அதோ அந்த வீட்டம்மா வந்தாச்சு என்று சொல்லிவிடுவார்கள்.

வயது ஆக ஆக என் சேலை ஆசை குறைந்துகொண்டே வந்தது. ஐம்பதைத் தாண்டியதும் மகள், 'அம்மா, ஒன் வயசுக்கு மெல்லிசான கலராக் கட்டு' என்று சொல்லிச் சந்தன நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் வாங்கி வர ஆரம்பித்தாள். விசேஷத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து வருவேன். கண்ணாடியில் பார்த்தால் யாரோ ஒருத்தி நிற்கிற மாதிரி இருக்கும். தோட்டத்துக்குக் கிளம்பி, மேலே சட்டையைப் போட்டுக்கொண்டதும்தான் நான் நானாவேன்.

வீட்டுக்காரருக்கு அறுபது முடிந்த வருசம் பேரனுக்குக் காது குத்தினோம். மகளின் மாமனார் வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் வந்தார். அவரோடு வந்த பங்காளிகளும் வெள்ளை. நடுவில் எங்கள் வீட்டுக்காரர் மட்டும் காப்பிப்பொடிக் கட்டத்தில் நின்றார். அந்தப் போட்டோ போனில் வந்தபோது விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேரனைப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் கூட்டாளியோடு தேனிக்குப் போனவர் பை நிறைய வெள்ளைச் சட்டையோடு வந்தார். எல்லாம் அரைக்கை. என்னைக் கேட்காமல் அவர் துணி எடுத்தது அதுதான் முதல் தடவை.

"என்னங்க, கட்சி மாநாட்டுக்குக் கிளம்பிட்டீகளா?" என்றேன்.

"இனிமே வெள்ளைதான். வயசுக்கு ஏத்த மாதிரி இருக்கணும்ல" என்றார்.

நீலம் போட்டு, கஞ்சி போட்டு, தேய்க்கக் கொடுத்து வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது. நான் எரிச்சல்பட்டது அதற்காக இல்லை. வெள்ளைச் சட்டை வந்ததிலிருந்து அவர் பந்தலுக்குள் வருவதில்லை. முன்பெல்லாம் காப்பி குடித்த கையோடு கத்தரியை எடுத்துக்கொண்டு என் பக்கத்து வரிசையில் நிற்பார். இப்போது வரப்பில் நின்று, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கன ஒரு கொத்து விட்டுப்போச்சு, இங்கன ஒரு கொத்து விட்டுப்போச்சு என்று சொல்லுவார். முழங்கால் வலியும் கொஞ்சம் உண்டுதான். ஆனால் சட்டைதான் காலைக் கட்டிப்போட்டது என்று எனக்குத் தோன்றியது.

பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "சின்னமனூர் வியாபாரி ஒருத்தரு தோட்டத்தக் குத்தகைக்குக் கேக்குறாரு. கவாத்துல கொடிய வெட்டி முடிச்சதும் விட்டுருவமா? நமக்கும் வயசாகுதுல்ல. மகன் பெங்களூர விட்டு வரப் போறதில்ல."

நான் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். எனக்கு வயதாவதைப் பற்றிப் பயமில்லை. முடி நரைத்தபோதுகூட டை அடிக்கத் தோன்றவில்லை. காலையில் எழுந்து போக ஒரு இடம் இல்லாமல் போய்விடுமே என்பதுதான் பயம். மகள் வாங்கித் தந்த சாம்பல் சேலையைக் கட்டிக்கொண்டு நாள் பூராவும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி கண்ணுக்குள் வந்து போனாள். அவர் மேல் கோபமாகவும் வந்தது.

இதற்கிடையில் என் சட்டைகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. அவர் உடம்பிலிருந்து புதிதாக எதுவும் இறங்கி வரவில்லை. கடைசியில் காதுகுத்துக்கு அவர் போட்டிருந்த காப்பிப்பொடிக் கட்டம் மட்டும் மிஞ்சியது. அதை ஒரு வருசத்துக்கு மேல் மாற்று இல்லாமல் போட்டேன். சாயங்காலம் அலசி, ராத்திரி காயப்போட்டு, காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு போவேன். ஒருநாள் மேல் கொடியை எட்டிப் பிடித்தபோது முழங்கையில் டர்ரென்று போனது.

பக்கத்து வரிசையில் நின்றவள் எட்டிப் பார்த்தாள். அவள் எங்களிடம் ரொம்ப வருசமாக வேலைக்கு வருகிறவள், வாய்க்காரி.

"மதினி, அண்ணன் சட்டை உசுர விட்டுருச்சு போல" என்றாள். "நாளைக்கு அந்த வெள்ளைச் சட்டையப் போட்டுட்டு வாங்க. பந்தலுக்குள்ள நர்சம்மா ஊசி போட வந்த மாதிரி இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை அப்படியே கழற்றிக் கரித்துணி மூட்டையில் போட்டபோது சிரிப்பு வரவில்லை. இனிமேல் சட்டைக்கு என்ன செய்வது என்று அவரிடம் கேட்க வாயெடுத்தேன். கேட்டால், 'அதான் குத்தகைக்கு விடப் போறமே' என்பார். அதைக் கேட்க எனக்கு மனசில்லை.

மறுநாள், துணி எடுக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேனிக்கு பஸ் ஏறினேன். ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவைத் தாண்டி ஆண்கள் துணி இருக்கிற மாடிக்கு ஏறிப்போனேன். அங்கே நின்ற பெண்ணுக்கு என் மகள் வயசுகூட இருக்காது.

"சாருக்கு என்ன சைஸும்மா?"

"சாருக்கு இல்லம்மா. எனக்கு."

அவள் ஒரு நிமிடம் முழித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து என் தோளில் வைத்தாள். "உங்களுக்கு முப்பத்தெட்டே போதும்மா" என்றாள். இத்தனை வருசமும் நான் போட்டது நாற்பத்திரண்டு. கையை மடித்து மடித்து, தோள் தையல் பாதிக் கையில் தொங்க, அதுதான் சட்டை என்று இருந்துவிட்டேன்.

"எந்த மாதிரி எடுக்கட்டும்மா?" என்று கேட்டாள். கட்டம், அடர் கலர் என்று வாய் தானாகச் சொன்னது. அவள் எடுத்துப் போட்டதெல்லாம் எங்கள் வீட்டுத் துணிக்கொடி மாதிரியே இருந்தது. கறைக்குப் பயந்து இவ்வளவு காலம் எடுத்தாச்சு, எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். தட்டுத் தட்டாகக் கண்ணை ஓட்டினேன். அந்தப் பெண் அவசரப்படுத்தாமல் நின்றாள். மேல் தட்டில் நாவல்பழ நிறத்தில் ஒன்று இருந்தது, கட்டம் எதுவும் இல்லாமல். திராட்சைக் கறை பட்டாலும் அதில் தெரியப் போவதில்லை, அதனால் மனசாட்சிக்கும் ஒரு சமாதானம். அதை எடுத்தேன். நல்ல சிவப்பில் ஒன்றும், பொடிக் கோடு போட்ட நீலத்தில் ஒன்றும் எடுத்தேன். மூன்றிலும் இரண்டு பக்கமும் பை.

போட்டுப் பார்க்கிற அறையில் சேலைக்கு மேல் நாவல்பழச் சட்டையை மாட்டினேன். தோள் தையல் தோளில் உட்கார்ந்தது. கை மணிக்கட்டில் நின்றது. நரைத்த முடியும் வெயிலில் கறுத்த முகமுமாக நான் கண்ணாடியில் நின்றேன். எனக்கு என்னைப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். பையை வாங்கிப் பிரித்து, ஒரு சட்டையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

"சின்னதா எடுத்துட்டியே. எனக்குப் பத்தாதே."

"ஒங்களுக்கு யாரு எடுத்தா? எனக்கு எடுத்தேன்."

டிவி சத்தத்தைக் குறைத்தார். மூன்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மூணா?"

"மூணு."

"தோட்டத்துல ஒரு சட்டை ரெண்டு வருசம் வரும்ல?"

"எனக்கு மூணு வருசம் வரும். நான் பதனமாப் போடுவேன்."

"அப்ப குத்தகை?"

"இந்தச் சட்டையெல்லாம் கிழிஞ்ச பெறகு வரச் சொல்லுங்க. நான் பந்தல விட்டு வர மாட்டேங்க. நீங்க வேணும்னா வரப்புலயே நில்லுங்க, நான் ஒண்ணும் சொல்லல."

அவர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கட்டம் இல்லாம எடுத்துருக்க."

"ஆமா."

"எனக்குக் கட்டம்னாலே ஆகாது. தெரியுமா ஒனக்கு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நீ தோட்டத்துக்குன்னுதான் பாத்து எடுக்குறன்னு எனக்குத் தெரியாதா? கல்யாண வீடு, எழவு வீடு எல்லாத்துக்கும் போர்வையப் போத்துன மாதிரிப் போயி நின்னேன். பேரன் காதுகுத்துலயும் அப்பிடியே நின்னேன். அன்னைக்குத்தான் ஒரு ஆசை வந்துருச்சு."

"சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா? நீ எதப் போட்டுக்கிட்டுப் போவ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே நான் எடுத்த ஒவ்வொரு சட்டையையும், இந்த மனிதர் தெரிந்தே வாங்கிப் போட்டிருக்கிறார். காப்பி போடுகிற சாக்கில் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்தே அவர் போனில் பேசுவது கேட்டது. வியாபாரியிடம்தான்.

"இல்லப்பா, இப்போதைக்கு முடியாது. வீட்ல சட்டை எடுத்துட்டாக... ஆமாப்பா, சட்டைதான். அது கிழியட்டும், பெறகு பேசுவோம்."

அந்த வியாபாரிக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை.

கவாத்து தொடங்கிய அன்று நாவல்பழச் சட்டையில் போனேன். வாய்க்காரி என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மதினி, அண்ணன் இம்புட்டு எளைச்சுப் போனாகளா?" என்றாள். இது என் அளவு என்று சொன்னேன். அவள் துணியைத் தொட்டுப் பார்த்து, கடை எங்கன இருக்கிறது என்று விசாரித்தாள்.

வெயில் ஏறுகிற நேரத்துக்கு மோட்டார் ரூம் பக்கம் அவர் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கதவு ஆணியில் வெள்ளைச் சட்டை கசங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் பந்தலுக்குள் குனிந்து வந்தார். உடம்பில் காப்பிப்பொடிக் கட்டம். கரித்துணி மூட்டையிலிருந்து எப்போது எடுத்தாரோ, முழங்கையில் கோணல்மாணலாக ஒரு தையல் போட்டிருந்தார். என் பக்கத்து வரிசையில் நின்று கத்தரியை வைக்கப் பைக்குள் கையை விட்டவர் நின்றுவிட்டார்.

"என்னத்தா இது, பைக்குள்ள? சணலு, மாத்திரை அட்டை, ஊக்கு..."

"அது என்னோடது, இங்கன குடுங்க."

எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "அப்ப இந்தச் சட்டை?" என்றார்.

"அதுவும் என்னோடதுதான். கறை படாமப் பாத்துப் போடுங்க."