கனல் சட்டியில் பட்ட கால்

என் கணவர் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். வயிற்றுப் புண்ணுக்காகச் சேலத்தில் ஆபரேஷன் செய்து இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். ஆயுசுக்கும் மாதம் ஒரு சத்து ஊசி போடச் சொன்னார்கள். ஒரு வருஷம் போட்டோம்.

"நல்லாத்தானே இருக்கறேன், எதுக்கு மாசாமாசம் மலை எறங்கோணும்?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

நாலைந்து வருஷத்தில் அவருக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. எங்கள் மலையில் எதற்கும் குளிர்தான் காரணம். கம்பளிக் காலுறை மாட்டிவிட்டேன். போன டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை, சர்ச்சுக்குக் கிளம்பும்முன் கனல் சட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனேன். திரும்பி வந்தால் தீய்ந்த வாடை.

"ஏனுங்க, காலு!" என்று அலறினேன். காலுறை கருகிப் பாதம் கொப்பளித்திருந்தது. அவரோ பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "என்ன கண்ணு, சோறு தீயுதா?" என்றார்.

"குளிர் இல்லீங்கம்மா. இரைப்பை போனவங்களுக்குச் சாப்பாட்டுல இருக்கற பி12 சத்து ஒடம்புல சேராது. ஊசிய நிறுத்துனதுல நரம்பு கெட்டுப்போச்சு" என்றார், பாதத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் பழைய ஆபரேஷனையும் விசாரித்த டாக்டர்.

இப்போது மாதம் தவறாமல் நானே அவரை ஊசிக்கு அழைத்துப் போகிறேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது பின்னால்தான் நடப்பேன். செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை.