நடவு வயலில் திருத்திய பதினான்காம் கேள்வி

சைக்ளோஸ்டைல் செய்த அந்தப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், மேலிருந்து இரண்டாவதாக, பதினான்காம் கேள்வி இருந்தது. "கடந்த பதினைந்து நாட்களில் உங்கள் வீட்டில் யாருக்காவது உடல்நலம் சரியில்லாமல் இருந்ததா?" பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஆம் என்றால் என்ன நோய், எத்தனை நாள், எங்கே வைத்தியம், என்ன செலவு என்று அடுத்த பக்கம் முழுக்கக் கேட்க வேண்டும். இல்லை என்றால் நேராக இருபத்திரண்டாம் கேள்விக்குத் தாவிவிடலாம். அதை எழுதியவள் நான். புள்ளியியல் படித்துவிட்டுச் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எண்பதுகளின் தொடக்கம். கேள்வி சுருக்கமாக இருக்கிறது, எளிதாகப் புரிகிறது, யார் மனத்தையும் புண்படுத்தவில்லை என்று என் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே டிக் அடித்து வைத்திருந்தேன்.

ஏழைக் குடும்பங்களை நோய் எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறது என்பதுதான் ஆய்வு. உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் தள்ளி இருந்த ஒரு கிராமத்தை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஊருக்குள் நிலம் வைத்திருந்த குடும்பங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி, அங்கே கூலி வேலைக்குப் போகிறவர்கள். காலனியை ஒட்டித் துணை சுகாதார நிலையம் இருந்தது. இரண்டு அறைக் கட்டடம். முன்னறையில் மருந்து, பின்னறையில் நர்ஸக்கா. இரண்டு மாதம் நானும் அந்தப் பின்னறையில்தான் பாய் விரித்துப் படுத்தேன். அவருக்கு என்னைவிட மூன்று வயதுதான் அதிகம். வாலாஜாபாத் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என்னை "சர்வேயம்மா" என்றுதான் கூப்பிடுவார். நான் முதல் நாள் காலனிக்குள் நுழைந்தபோது நிலம் அளக்க வந்தவள் என்று நினைத்து ஒரு கிழவர் பத்திரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அதிலிருந்து அந்தப் பெயர்.

பகலில் ஊருக்குள் கேட்டேன். வீட்டுப் பெண்கள் மோர் கொடுத்து உட்கார வைத்து, முழங்கால் வலி, வாயு, தலைசுற்றல், இளைய மருமகளின் இருமல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். என் படிவத்தில் இடம் போதாமல் பின்பக்கத்தில் எழுதினேன். காலனிக்கு வேலை முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகு, சாயங்காலத்தில்தான் போக முடிந்தது. வேப்பமரத்தடியில் பெண்களெல்லாம் கூடி உட்கார்ந்திருப்பார்கள். ஒரே இடத்தில் பல வீடுகளை முடித்துவிடலாம் என்று எனக்கு அது மிகவும் வசதியாக இருந்தது. பதினான்காம் கேள்வியைக் கேட்டால், "எல்லாரும் நல்லாத்தான் கீறோம்" என்பார்கள். இல்லை, இல்லை, இல்லை. இருபத்திரண்டுக்குத் தாவுவேன்.

சென்னைக்குத் திரும்பி அட்டவணை போட்டபோது, நிலமுள்ளவர்களைவிடக் கூலிக்காரர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று வந்தது. கூட்டலை மூன்று தடவை சரிபார்த்தேன். கூட்டலில் பிழை இல்லை. உடலுழைப்பும் கேழ்வரகுக் கூழும்தான் காரணம் என்று நானே ஒரு விளக்கத்தையும் எழுதினேன். எங்கள் பேராசிரியருக்கு மகிழ்ச்சி தாளவில்லை. சென்னையில் நடக்கவிருந்த பொருளாதார மாநாட்டுக்குச் சுருக்கத்தை அனுப்பி, அது அச்சாகியும் விட்டது. சுகாதாரத் துறை அதிகாரிகளும் வருகிறார்கள் என்றார். துணை நிலையத்தை ஊருக்குள் மாற்ற வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கொடுத்திருந்த மனு அப்போது அவர்கள் கையில் இருந்தது. நோய் ஊருக்குள்தான் அதிகம் என்று நம் கட்டுரையே சொல்கிறதே, அதுவே ஆதாரமாகப் போதும் என்று அவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

மாநாட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அட்டவணையை நர்ஸக்காவிடம் காட்டுவதற்கென்றே கிராமத்துக்குப் போனேன். பெருமைக்குத்தான் போனேன், சந்தேகத்தில் அல்ல. அவர் ஸ்டெரிலைசரில் ஊசியைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"காலனில யாருக்கும் ஒண்ணியும் இல்லையா?"

"அப்படித்தான் சொன்னாங்க அக்கா."

"அப்ப நான் மாசாமாசம் மாத்திரைய யாருக்குக் குடுத்துக்கினு கீறேன்? காக்காய்க்கா?"

மறுநாள் காலையில் என்னைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து ஏரிக்குக் கீழே இருந்த நடவு வயலுக்குக் கூட்டிப் போனார். வரப்பில் நின்றதும், குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருத்தராக நகர்ந்து எங்கள் பக்கம் வந்தார்கள். யாரும் நிமிர்ந்து பேசவில்லை. உள்ளங்கையெல்லாம் சேறு என்று அவர்கள் புறங்கையைத் திருப்பிக் காட்ட, நர்ஸக்கா மாத்திரையை வாயிலேயே போட்டுவிட்டார். அவர்களில் ஒருத்தியை எனக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் எனக்கு முதலில் பதில் சொன்னவள், என் வயதுக்காரி. அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"உங்களுக்கு ஜுரம் அடிக்குதே?" என்றேன்.

"அடிக்குது. அதுக்கு இன்னா பண்றது?"

"போன தடவை நான் கேட்டப்பவும் இருந்ததா?"

"அப்ப இதவிட ஜாஸ்தி."

"அப்ப ஏன் நல்லா இருக்கேன்னு சொன்னீங்க?"

அவள் நாற்றை ஊன்றியபடியே வயலின் மறுகோடியில் நின்றிருந்த, நடவுக்கு ஆள் கூட்டிவரும் அம்மாவைக் கண்ணால் காட்டினாள். பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்தவள்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீ அந்தம்மாவ நடுவுல குந்த வெச்சிக்கினு கேட்டா யாரு சொல்லுவா? ஒடம்பு முடிலன்னு ஒரு வாட்டி வாயத் தொறந்தா, வரிசைல அவ எடத்துக்கு வேற ஆளு வந்துருவா. அப்புறம் அறுப்பு வரிக்கும் வூட்டுலயே குந்திகினு கீற வேண்டிதான்."

"வுடுடி, சர்வேயம்மா புதுசு. நாம படுத்துக் காட்டுனாத்தான் நம்பும்" என்று இன்னொருத்தி சொல்ல, குனிந்தபடியே எல்லோரும் சிரித்தார்கள். ஜுரக்காரியும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நடவு வரிசையில் இடம் போனால் அந்தப் போகம் முழுக்கப் போயிற்று என்ற வழக்கம் அந்தக் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை நான் எந்தக் கேள்வியிலும் கேட்கவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கிறவளுக்கு முன்னால் வைத்து நோயைக் கேட்டிருக்கிறேன். வசதி என்று நான் நினைத்தது அதைத்தான்.

அன்று நர்ஸக்கா ஒரு சொல்லும் சொல்லிக்காட்டவில்லை. "இன்னும் ஒம்போது நாள் கீது. நானும் வரேன்" என்றார், அவ்வளவுதான். பதினான்காம் கேள்வியை அடித்துவிட்டு, வேலைக்குப் போன நாட்களில் எந்தெந்த நாள் மாத்திரை கேட்டீர்கள், எந்த நாள் முடியாமலேயே போனீர்கள் என்று மாற்றி எழுதினோம். மரத்தடியில் அல்ல, ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், கதவுக்குப் பின்னால், தனித்தனியாகக் கேட்டோம். பகல் வேலையெல்லாம் முடித்து அவர் என்னோடு நடந்தார். அவர் உடன் இருந்ததால்தான் கதவுகள் திறந்தன. ஆறாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அட்டவணை தலைகீழாக இருந்தது.

பேராசிரியர் நல்லவர். ஆனால் அச்சானதை மாற்றுவதா என்று தயங்கினார். இப்போது உள்ளபடி படித்துவிடு, திருத்தத்தை அடுத்த ஆண்டு சொல்லலாம் என்றார். அடுத்த ஆண்டுக்குள் கட்டடம் ஊருக்குள் போய்விடும், ஜுரத்தோடு நடுகிறவள் வாய்க்காலைத் தாண்டி, நிலக்காரர் வீட்டு வாசல் வழியாக மாத்திரைக்குப் போக மாட்டாள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அதற்காக அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

மேடையில் எனக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். உங்கள் கையில் இருக்கும் அச்சிட்ட சுருக்கம் தவறு என்று தொடங்கினேன். எப்படித் தவறு, யாரை வைத்துக்கொண்டு கேட்டேன், மாற்றிக் கேட்டபோது என்ன வந்தது என்று வரிசையாகச் சொன்னேன். தவறு செய்தவர் களப்பணியாளரா என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். கேள்வியை எழுதியவளும் கேட்டவளும் நான்தான் என்றேன். யாருக்கு நன்றி என்று மட்டும் அங்கே சொல்ல முடியவில்லை. நிலையத்தில் வைத்துக் கொடுக்க வேண்டிய மாத்திரையை வரப்பில் நின்று கொடுத்தது மேலே தெரிந்தால் பேஜாராகிவிடும், என் பேரை எங்கேயும் போடாதே என்று நர்ஸக்கா சத்தியம் வாங்கியிருந்தார்.

துணை நிலையம் இடம் மாறவில்லை. அது என் கட்டுரையால்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இன்று அதே நிறுவனத்தில் புதிதாகச் சேரும் பெண்களுக்குப் படிவம் எழுதப் பழக்குவது என் வேலை. கேள்வியைச் சரிபார்க்கும் முன், கேட்கும்போது பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று எழுதச் சொல்கிறேன். யாரிடம் கற்றேன் என்று அவர்கள் கேட்டால், இப்போதும் பெயரைச் சொல்வதில்லை.

மாநாடு முடிந்த மறுநாளே முதல் பஸ்ஸில் கிராமத்துக்குப் போனேன். நர்ஸக்கா வாசலில் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கைதட்டுனாங்களா?"

"இல்லக்கா. யாருமே தட்டல."

"அப்ப சரியாத்தான் சொல்லிகீற" என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா ஒரு மாரி கீற? ஒடம்பு எப்படி கீது?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன்கா."

அவர் எழுந்து வந்து புறங்கையை என் கழுத்தில் வைத்தார். மூன்று நாளாக அடித்துக்கொண்டிருந்த ஜுரம். யாரிடமாவது சொன்னால், உனக்குப் பதில் வேறொருவர் படிக்கட்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒருவரிடமும் சொல்லாமல் மேடை ஏறியிருந்தேன். நர்ஸக்கா உள்ளே போய் ஒரு மாத்திரையை எடுத்துவந்து, கையில் தராமல் என் வாயிலேயே போட்டார்.

"இனிமே நீயும் நடவுக்கு வந்துரு" என்றார்.