எங்கள் வீட்டு அரிசியில் எழுந்த கோடு

கிடங்கில் வண்டு அடிக்காமல் இருக்க அரிசிக்குப் புகை மருந்து போடுவார்கள். அந்த மருந்து அரிசியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் ஆய்வக வேலை. அதற்கு முன்னால், மருந்தே படாத அரிசி ஒன்றைக் கருவியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரையில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தால்தான் மற்றதை நம்பலாம். அந்தச் சுத்தமான அரிசியை ஆளாளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவருவது எங்கள் வழக்கம். யார் வீட்டு அரிசி ஒசத்தி என்று ஒரு போட்டியே நடக்கும். எனக்கு அதில் கொஞ்சம் திமிர் உண்டு. கொல்லங்கோட்டுப் பக்கம் எங்கள் வயலில் விளைந்து எங்கள் களத்தில் காய்ந்த நெல்லை யார் என்ன சொல்லிவிட முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி எடுக்க ஊருக்குப் போனால், வீடு கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. அண்ணிக்குக் காலையிலிருந்து வாந்தி, தலைசுற்றல். வருசக்கணக்காகக் காத்திருந்த செய்தி. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பூண்டு வாடை அடிக்குதுங்க அத்தை," என்று அண்ணி மூக்கைப் பொத்தினாள்.

"மசக்கைன்னா அப்படித்தான் சாமி. நீ எந்திரிக்கவே கூடாது," என்று அம்மா அவளைப் படுக்க வைத்து, காற்று பட்டுவிடப் போகிறதென்று ஜன்னலையும் சாத்திவிட்டாள். ரெண்டு நாள் கழித்து டாக்டரிடம் போவதாகப் பேச்சு. அத்தை ஆகப்போகிற குஷியில், ஜலதோஷத்தில் அடைத்த மூக்கோடு, பக்கத்து அறை மூட்டையிலிருந்து டப்பா நிறைய அரிசியை அள்ளி, மூடியை இறுக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை ஆய்வகத்தில் அந்த அரிசியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, அமிலம் ஊற்றி, அடைத்துச் சூடுபடுத்தி, மேலே தேங்குகிற காற்றை ஊசியால் உறிஞ்சிக் கருவிக்குள் செலுத்தினேன். கோடு கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகு திடீரென்று கிளம்பி மேலே போய்விட்டது. புகை மருந்தின் வாயு எந்த இடத்தில் எழுமோ, சரியாக அதே இடத்தில்.

"ஏக்கா, உங்க வீட்டு அரிசி எந்திரிச்சுல்லா நிக்குது," என்றாள் என்னோடு வேலை செய்கிற வண்டிப்பெரியார்க்காரி.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ஊசியக் கழுவுனியா இல்லியா? எங்கூட்டு அரிசியில மருந்தா? யாருகிட்டப் பேசறே?"

அவளும் சளைத்தவள் இல்லை. "கழுவியாச்சு. திரும்பப் போடுவோம், யாரு மானம் போகுதுன்னு பாப்போம்."

வெறும் அமிலத்தை ஓட்டினோம். கோடு படுத்தே கிடந்தது. அவள் வீட்டு அரிசியை ஓட்டினோம், அதுவும் அப்படியே. எங்கள் அரிசியைப் புதிதாக எடுத்துப் போட்டோம். மறுபடியும் எழுந்தது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளதைச் சொன்னால், கோபத்துக்கு அடியில் எனக்கும் ஒரு துள்ளல் இருந்தது. எழக்கூடாத கோடு எழுந்துவிட்டால் கள்ளன் எங்கே என்று தேடாமல் கை நிற்காது. இந்த வேலையில் எனக்குப் போதையே அதுதான்.

"வீட்ல வண்டு மாத்திர கீத்திர வச்சீகளோ?" என்றாள் விளையாட்டாக. "வச்சா பூண்டு வாடை அடிக்குமே, தெரியாமலா இருப்பீக?"

பூண்டு வாடை. அண்ணி மூக்கைப் பொத்தியது நினைவுக்கு வந்தது. அந்த மாத்திரையின் வாயு அறைக்குள் அடைந்தால் முதலில் வாந்தி, தலைசுற்றல். அப்புறம் ஆளையே கொண்டுபோய்விடும். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஆமா அம்முணி, அரிசியில வண்டு உழுந்துருச்சு. ரெண்டு மாத்திரையத் துணியில கட்டி மூட்டைக்கு நடுவால வெச்சேன். அம்மாகிட்டச் சொல்லல, திட்டுவாங்க. ஏன்?"

அவன் காட்டுப்பன்னிக் காவலுக்கு ராத்திரியெல்லாம் வயலில் இருப்பவன். அம்மா படுப்பது முன்கூடத்தில். மூட்டை அறையை ஒட்டிப் படுப்பது அண்ணி மட்டும்தான்.

"அண்ணி எங்க?"

"உள்ள படுத்திருக்கா. அம்மா கதவக்கூடத் தொறக்க உடறதில்ல."

"அண்ணா, அது மசக்கை இல்லீங்க, மாத்திரைப் புகை. இப்பவே அண்ணியத் தூக்கிட்டு வெளிய வாங்க. மூட்டைகிட்டப் போகாதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி, என்ன மாத்திரைன்னு சொல்லுங்க." கத்திச் சொன்னேனா அழுதுகொண்டு சொன்னேனா, தெரியவில்லை.

நான் போனை வைப்பதற்குள் வண்டிப்பெரியார்க்காரி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு வாசலில் நின்றாள். ஊருக்குப் போகும் வழியில் எலப்புள்ளி தாண்டும்வரை வண்டியை விரட்டினாள். அதற்கப்புறம் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, அண்ணி கண் விழித்துப் பேசுகிறாள் என்றான் அண்ணன். எனக்கு உயிர் வந்தது. "உங்க வீட்டு அரிசி நல்லாயிருக்கட்டும்க்கா," என்று அவள் சிரித்தாள். ஓடுகிற வண்டியில் அவள் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் அண்ணி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மூக்கில் ஆக்சிஜன் குழாய். நேரத்தோடு கொண்டுவந்துவிட்டீர்கள், இனிப் பயமில்லை என்றார் டாக்டர். எனக்கு அந்த வராந்தாவிலேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. குதிக்கவில்லை. ஏனென்றால் கர்ப்பம் எதுவும் இல்லை என்றும் அவர் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அறை மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு அப்பவே சந்தேகந்தான் அம்முணி," என்றாள் அண்ணி, என் காதோரம்.

"அப்பறம் ஏனுங்க அண்ணி சொல்லல?"

"இந்த ஊட்டுக்கு வந்த நாள்ல இருந்து, அத்தை என்னையப் படுன்னு சொன்னது நேத்துத்தான். எந்திரிக்க மனசு வரல."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அம்மா காதில் விழுந்துவிட்டது. எழுந்துபோய் அந்த ஆஸ்பத்திரி அறையின் ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டாள். திரும்பி வந்து, அண்ணியின் காலில் போர்வையை இழுத்துவிட்டாள்.

"இன்னிக்கும் படு சாமி," என்றாள். "நாளைக்கும் படு."