காவி பூசிய கொப்புளமும் காங்கேயத்துக் கடைக்காரியும்

தொண்ணூறுகளின் நடுவில், பீளமேட்டில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவர் மோட்டார் பம்பு விற்பனைக்காக ஊர் ஊராகப் போவார். காங்கேயத்தில் பம்புக் கடை நடத்திய ஒரு பெண்ணைப் பற்றிப் பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. அவள் கெட்டிக்காரியாம், அவள் பேச்சே தனியாம். பரிமாறிக்கொண்டிருக்கும் எனக்கு வயிறு எரியும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பிறப்புறுப்பில் கொத்தாகக் கொப்புளங்கள் கிளம்பின. காய்ச்சல் அடித்தது, தொடையிடுக்கில் நெறி கட்டியது, சிறுநீர் கழித்தால் உயிர் போனது. நாத்தனாரிடம் மட்டும் ஜாடையாகச் சொன்னேன்.

“அக்கியாட்டம் இருக்குது கண்ணு, காவி பூசிப்போடு” என்றார்.

அக்கி எழுதும் குயவரிடம் அந்த இடத்தைக் காட்டவா முடியும்? குழந்தைக்கு என்று பொய் சொல்லிக் காவி வாங்கி வந்து, நானே குழைத்துப் பூசினேன். கொப்புளம் உடைந்து புண்ணாகி, உட்காரவே முடியவில்லை.

லேடி டாக்டரிடம் போனேன். அவர் காவியைப் பொறுமையாகக் கழுவிவிட்டுப் பார்த்தார்.

“இது அக்கி இல்லீங்க அம்மணி, ஹெர்பிஸ். தாம்பத்தியத்துல ஒட்டிக்கிற கிருமி.”

எனக்கு உடனே காங்கேயம்தான் கண்ணில் தெரிந்தது. துணிமணியைப் பெட்டியில் அடுக்கி, அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட வேண்டியதுதான் என்று அங்கேயே முடிவுகட்டிவிட்டேன். “அப்ப அவரு வேற எடத்துக்குப் போயிருக்காருங்களா?” என்று கேட்டே விட்டேன்.

“புண்ணைப் பாத்து அதைச் சொல்ல முடியாதுங்க. வருசக்கணக்கா ஒண்ணும் காட்டாம ஒடம்புல கெடக்கும். அவரு உதட்டுல கொப்புளம் வருமுங்களா?”

காய்ச்சல் வந்தாலே வரும். சூடு என்று நினைத்து நான்தான் வெண்ணெய் தடவிவிடுவேன்.

“அதுவும் இதே சாதிக் கிருமிதானுங்க. வாய் பட்டாக்கூட அதுலிருந்து ஒட்டியிருக்கலாம். அவரையும் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் இருவரிடமும் விளக்கினார். கிருமி உடம்பை விட்டுப் போகாது, மாத்திரையில் அடங்கும். புண் இருக்கும்போது சேரக் கூடாது, இடத்தை ஈரமில்லாமல் வைக்க வேண்டும், கர்ப்பமானால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என்னைச் சந்தேகித்து ஏதாவது கேட்பாரோ என்று கணவர் முகத்தையே பார்த்தேன்.

“இவளுக்கு வலி எப்பங்க கொறையும்?” என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நான் பெட்டி அடுக்கவில்லை. இப்போதும் எப்போதாவது அந்த இடத்தில் லேசாகக் குறுகுறுத்தால் கொப்புளம் கிளம்பும் முன்பே மாத்திரையைப் போட்டுவிடுகிறேன். அவர் காங்கேயம் என்று வாயெடுத்தால் குறுகுறுப்பதற்குத்தான் இன்னும் எந்த டாக்டரும் மாத்திரை எழுதித் தரவில்லை.