ஏழு குடத் தொட்டிக்கு ஒரு பில்டர்

எங்கள் பக்கத்தில் பில்டர் என்றால் ஒன்றுதான்: உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்குகிற மெஷின். போர்க் குழாயில் வருகிற தண்ணீரில் குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், குடிக்க முடியாது. அதனால் தெருவுக்குள் வண்டி வந்து கேன் இறக்கும். அதற்குப் பெயர் பில்டர் தண்ணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாங்கள் செய்தது கிறுக்குத்தனமாகத் தெரியும்.

மீன் தொட்டி எங்கள் மகன் வேலை செய்கிற ஓட்டலில் வேண்டாம் என்று ஒதுக்கியது. தூக்கி வந்து டிவி ஸ்டாண்டில் வைத்துவிட்டான். டிவி டிரங்குப் பெட்டி மேல் ஏறிக்கொண்டது. இப்போது டிவியில் வருகிற எல்லார் தலையும் கொஞ்சம் சாய்ந்தே தெரிகிறது, ஆனால் பழகிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு உப்பளத்தில் இறங்க முடியவில்லை. தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். டிவி சீரியலில் யார் செத்தாலும் திரும்ப மாட்டார். தங்க மீன் சாகும்போது மட்டும் முகம் ஒரு மாதிரி ஆகும். ஒவ்வொன்றாகச் செத்து, கடைசியில் தங்க மீன் ஜாதியிலேயே கண் பிதுங்கின கறுப்பு மீன் ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் மேலேயே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"இதுவும் போச்சுன்னா தொட்டிய எடுத்துடு. வெறும் கண்ணாடிய பாத்துகினு என்னால உக்கார முடியாது" என்றார்.

மீன் தொட்டிக்கென்றே பில்டர் விற்கிறது, போட்டால் பிழைக்கும் என்றான் மகன். அதனால்தான் பில்டர் வாங்க பாண்டிக்குக் கிளம்பினோம். கிளம்புகிற நேரம் பார்த்து அனுமந்தையிலிருந்து மீன் விற்கிறவள் கூடையோடு வந்து நின்றாள். அவளுக்கு எங்கள் வீட்டுத் தொட்டியைப் பார்த்தால் எப்போதும் சிரிப்புதான்.

"யக்கா, இத்த கொழம்பு வெச்சா சட்டியே நனையாது. இதுக்கு மெஷினு வேறயா?"

"உன் மீனு செத்துப்போய் வருது. என்னுது உயிரோட இருக்குது" என்றார் இவர்.

"இன்னா உயிரு மாமா, கொட்டாவி வுட்டுகினு இருக்குது பாரு!"

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் எனக்குத்தான் கிடைத்தது. முழங்கால் நீட்ட இடம் வேண்டுமென்று அவர் முன்சீட்டுக்குப் போய்விட்டார்.

கடையில் இருந்தது ஒரு பெண், என் மருமகள் வயது இருக்கும். சுற்றிலும் தொட்டி தொட்டியாக மீன். எனக்கு எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

"நல்ல தண்ணி மீனுதானே ஆயா?"

"ஆமாம்மா, தங்க மீனு."

"தொட்டி எத்தினி லிட்டரு?"

"லிட்டரெல்லாம் தெரியாது. ஏழு கொடம் புடிக்கும். நான்தானே ஊத்தறேன்."

அவள் சிரிக்கவில்லை. "பிளாஸ்டிக் கொடமா, சில்வர் கொடமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலேயே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிளாஸ்டிக் என்றேன். மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு மூன்று விதமான பில்டர் எடுத்து வைத்தாள்.

ஒன்று பஞ்சு. தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்து குமிழி விடும். சின்னத் தொட்டிக்குத்தான் சரி என்றாள். இன்னொன்று தொட்டி விளிம்பில் தொங்கும். அதை ஓட்டிக் காட்டினாள், குழாய் சரியாக மூடாத சத்தம். ராத்திரி முழுக்க யாராவது எழுந்து போய் அதை மூடப் பார்ப்பார்கள். மூன்றாவதுதான் டப்பா பில்டர். ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் நிற்கும். ஒரு பைப் தொட்டித் தண்ணீரை இறக்கும், இன்னொரு பைப் திருப்பி ஏற்றும். மூடியைத் திறந்தாள். உள்ளே தட்டு மேல் தட்டாக அடுக்கு!

"ஏங்க, டிபன் கேரியருங்க!" என்று கத்தியேவிட்டேன்.

"கேரியர்தான் ஆயா. இந்தத் தட்டுல பஞ்சு, இதுல இந்த வளையம், இதுல நைசு பஞ்சு. தங்க மீனு தின்னுகினே இருக்கும், கழிஞ்சுகினே இருக்கும். அதுக்கு இதான் தாங்கும்."

வளையம் வெள்ளையாக, மாவில் செய்து காயவைத்தது போல இருந்தது. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு அளவு டப்பா காட்டினாள். சின்னதே போதும் என்றேன், ஸ்டாண்டில் அடங்க வேண்டுமே. மணிக்கு இத்தனை லிட்டர் ஓடும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் நம்பர் காலி டப்பாவுக்கு, பஞ்சும் வளையமும் அடைத்தால் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஓடாது, அதனால் ஒரு அளவு பெரியதாக எடுங்கள் என்றாள். எனக்கு எழுத்தும் தெரியாது, நம்பரும் தெரியாது. ஆனால் அடைத்தால் ஓட்டம் குறையும் என்பது தெரியும். பெரியதையே எடுத்தோம்.

உப்பைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பில்டர் வேறெதற்கு?

வீட்டுக்கு வந்து மாட்டியதும், அதுவரை கேன் தண்ணியே ஊற்றிய தொட்டியில் பாதியை எடுத்துவிட்டுப் போர் தண்ணியை ஊற்றினோம். இனிமேல் மீனுக்குக் கேன் வாங்க வேண்டாம் என்று எனக்கு ஒரே சந்தோஷம். மெஷின் ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு அமைதி. சாயங்காலம் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"இன்னாங்க, இன்னும் கரிக்குதே?"

"பொறுமே. உப்பு வெளையணும்னா தண்ணி பாத்தி பாத்தியா எத்தினி நாளு சுத்துது? அத்த எடுக்கணும்னாலும் சுத்த வேணாமா?"

ஞாயமாகத்தான் பட்டது. உப்பளத்தில் ஆயுசைக் கழித்தவர் சொல்கிறார். விட்டுவிட்டேன். ஆனால் கறுப்பு மீன் மூலையில் ஒதுங்கித் துடுப்பை மடக்கிக்கொண்டது. இரை போட்டாலும் திரும்பவில்லை. இவரும் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் அவரே கரண்ட்டை நிறுத்தி டப்பாவைத் திறந்தார். தட்டு தட்டாக எடுத்து அடியில் கைவிட்டுத் துழாவினார். உப்பு அங்கே படிந்திருக்கும், வாரிக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பு. ஒரு வளையத்தை எடுத்து நக்கியும் பார்த்தார். அடுத்து அதைக் குழாயடியில் போட்டுத் தேய்க்கப் போனார். கடைக்காரியைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நான்தான் கடை பில்லை நீட்டி, அதில் இருந்த நம்பருக்கு அவரை ஸ்பீக்கரில் போன் போடவைத்தேன்.

"ஏம்மா, இதுல உப்பு எந்தத் தட்டுல சேரும்?" என்றார்.

"எந்த உப்பு தாத்தா?"

போர் தண்ணி ஊற்றியதிலிருந்து வளையத்தை நக்கியது வரை இவர் ஒப்பித்தார். அவள் பொறுமையாகச் சொன்னாள். அது அழுக்கைத்தான் எடுக்கும், உப்பை எடுக்காது. வளையத்தைக் குழாயில் கழுவக் கூடாது, அதில் மெல்ல மெல்ல வழவழப்புப் பிடிக்கும், வேலை செய்வதே அதுதான். தொட்டித் தண்ணியிலேயே லேசாக அலசினால் போதும். கொஞ்சம் உப்பு மீனைக் கொல்லாது, சீக்கு வந்தால் கடையிலேயே கல்லுப்பு போடுகிறார்களாம்.

"ஆனா உங்க ஊரு போர் தண்ணில உப்பு ஜாஸ்தி. ஒரேடியா மாத்தாதீங்க. தெனம் ஒரு கொடம் எடுத்துட்டு, ஒரு கொடம் கேன் தண்ணி ஊத்துங்க. அப்புறம் ரெண்டையும் கலந்தே ஊத்துங்க."

போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார். "உப்பு எடுக்காததுக்கு பில்டருன்னு எவன் பேரு வெச்சான்?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கும் கொஞ்சம் கழித்து வந்தது.

தினம் ஒரு குடம் மாற்றினோம். கேன்காரர், "வூட்ல விசேஷமா?" என்று விசாரித்தார். விருந்தாளி வந்திருக்கிறார் என்றேன். ஒருநாள் கேன் வண்டி வரவில்லை. வீட்டில் ஒரு கேன்தான் பாக்கி. மீனுக்கு ஊற்றுவதா, உலையில் வைப்பதா?

"மீனுக்கு ஊத்து" என்றார்.

சோற்றையும் குழம்பையும் போர் தண்ணியில் வைத்தேன். தனியாக உப்பு போடவில்லை. அவர் தட்டோடு தொட்டி முன்னால் போய் உட்கார்ந்தார். கறுப்பு மீன் பழையபடி கீழே இறங்கிக் கல்லைக் கொத்தித் துப்பிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டவர், இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

"உப்பு சரியா இருக்குதா?" என்றேன்.

"இருக்குது, இருக்குது" என்றார், திரும்பாமலே.