ஆறாம் சேனல்காரர்

பக்கத்து வீட்டுக்காரருக்கும் எனக்கும் இருந்தது எல்லைத் தகராறு இல்லை, சாக்கடைத் தகராறும் இல்லை. காற்றுத் தகராறு. இரண்டாயிரத்து ஏழில் பெரம்பலூரில் எங்கள் தெருவில் வயர் இல்லாத இன்டர்நெட் வைத்திருந்தது நாங்கள் இருவர்தான். நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்.

அவர் வீட்டிலேயே கம்ப்யூட்டர் ஜாதகம் பார்ப்பவர். வெளிநாட்டுக்காரர்களுக்கு வெப்கேமராவில் பலன் சொல்வார். அவர் அங்கே வாயைத் திறந்தால் இங்கே என் கம்ப்யூட்டரில் படம் உறைந்துவிடும். மாடியில் இருந்த மோடத்தை பீரோ மேல் ஏற்றிப் பார்த்தேன். அலை திரும்பி வரும் என்று எங்கோ படித்துவிட்டு, அதன் பின்னால் எவர்சில்வர் தாம்பாளத்தை நிறுத்தினேன். தாம்பாளம் விழுந்து கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம்.

இரண்டு மோடமும் ஒரே அலைவரிசையில், ஆறாம் சேனலில், ஓடுவதைக் கண்டுபிடித்து, காம்பவுண்டுச் சுவரில் எட்டிப் பார்த்து, மாற்றிக்கொள்ளச் சொன்னேன்.

"ஆறு என் ராசி நம்பரு சார். இடிச்சா நீங்க நவுந்துக்கங்க" என்றார்.

நகர்ந்தேன். ஏழுக்கு. பஸ் சீட்டில் ஒருத்தர் தள்ளி உட்கார்ந்தால் இடிக்காதே, அந்தக் கணக்கு. அலைகளுக்கு அந்த நாகரிகம் கிடையாது, ஐந்து எண்ணாவது தள்ளிப் போக வேண்டும் என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்போதோ, படம் இன்னும் உறைவதைப் பார்த்து, மனுஷன் வேண்டுமென்றே ஏதோ செய்கிறார் என்று முடிவு கட்டி, என் நெட்வொர்க்குக்கு 'தள்ளிப்போ' என்று பெயர் வைத்தேன். மறுநாள் கம்ப்யூட்டர் காட்டிய நெட்வொர்க் பட்டியலில் அவருடையது 'நீபோ' என்று மாறியிருந்தது. அத்தோடு பேச்சு நின்றது. இனி அவர் வீட்டு கேட்டைத் தாண்டுவதில்லை என்று சபதமும் எடுத்தேன்.

இந்த லட்சணத்தில் அக்கா மகளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் சிங்கப்பூரில், லீவு இல்லை. "எதுக்கு லீவு? நம்ம வூட்டு நெட்டுலயே பொண்ணப் பாக்கட்டும்" என்று அள்ளி விட்டது நான்தான். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் உன் டப்பாவால் கெட்டால் என் வாசப்படி மிதிக்காதே என்று அக்கா சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. குன்னத்திலிருந்து பையனின் அம்மா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். பையனுக்கு நம் நேரம் மூன்று மணிக்கு மேல்தான் ஓய்வு. நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும். பையன் முகம் வந்தது, வாய் திறந்த வாக்கில் அப்படியே நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாருக்கோ சனி எட்டில் இருந்தது.

நாலு மணி தாண்டியது. நாலரை ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் மெயினையே அணைத்துவிடுவார், ராகு காலத்தில் தொழில் செய்யமாட்டார். அப்புறம் காற்று முழுக்க நமக்குத்தான் என்றேன். கூடம் என்னை முறைத்தது. விடாமல், சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் மாப்பிள்ளைக்கு ராகு காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று விளக்கினேன்.

பையனின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்ணு சிங்கப்பூர்லயா உக்காந்திருக்கு?"

அக்கா மகள் எழுந்தாள். "மாமா, அவரு வூட்டுல நல்லா வருதுல்ல? நான் அங்கயே போய்ப் பேசிக்கறேன்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. பையனின் அம்மா, அக்கா, பஜ்ஜித் தட்டு எல்லாம் அந்த கேட்டைத் தாண்டிப் போயின. கூடத்தில் நானும் சபதமும் மட்டும். சுவர் வழியாக அவர் குரல் கணீரென்று வந்தது: "மெதுவாவே பேசும்மா. இங்க லைன் கட்டாவாது."

எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

நாலரைக்குள் பையன் சரி சொல்லிவிட்டான். திரும்பி வந்த அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"மொத பத்திரிக அவருக்குத்தான். நீயே போய் வெச்சுட்டு வரணும்."

பத்திரிகை அச்சாகி வந்ததும் கேட்டைத் திறந்துகொண்டு போனேன், வைத்தேன். உட்காருங்கள் என்று அவர் சொல்லவில்லை. குடும்பத்தோடு வாருங்கள் என்று நானும் சொல்லவில்லை.